டாக்ஸி ரேடியோவுக்கு மலை உச்சியில் மறுவாழ்வு... நகத்தளவு கிரிஸ்டலுக்கு சுருதி சேர்க்கும் ஹாம்கள்!

சுவர்க் கடிகாரத்தின் முகப்பில் 'குவார்ட்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருக்கும் சின்னஞ்சிறு படிகம் ஒன்று விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை இரண்டால் 15 முறை வகுத்துக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது 1. அதுதான் நொடி முள்ளின் ஒரு துடிப்பு.

அந்தக் கடிகாரம் மாதத்துக்குப் பத்துப் பதினைந்து விநாடி பிசகினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பஸ் ஒன்றும் போய்விடாது. ஆனால், இதே குவார்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு படிகம் மலை உச்சியில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அது அளவுக்கு மீறிப் பிசகினால், மழையிலோ காட்டிலோ சிக்கி உதவி கேட்கும் ஒருவரின் குரல் கரகரவென்று உடைந்து கேட்கும். சில சமயம் கேட்காமலே போய்விடும்.

அந்தப் பெட்டியின் பெயர் ரிப்பீட்டர். அதன் காதைச் சரியாக வைத்திருப்பதற்காக உலகம் முழுக்க ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் பல பத்தாண்டுகளாகக் குவார்ட்ஸ் கிரிஸ்டலோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். தேய்த்திருக்கிறார்கள், சூடாக்கியிருக்கிறார்கள், கழற்றி மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

ஒரே நேரத்தில் கேட்டு, பேசும் பெட்டி

ஹாம் ரேடியோ என்பது அரசு உரிமம் பெற்று, லாப நோக்கம் இல்லாமல், சொந்த ரேடியோ மூலம் மற்றவர்களோடு பேசும் பொழுதுபோக்கு. கையில் வைத்துக்கொள்ளும் சின்ன செட்டின் சக்தி சுமார் 5 வாட். வீட்டில் எரியும் எல்.இ.டி பல்பைவிடக் குறைவு. நடுவில் கட்டடமோ குன்றோ இருந்தால் சில கிலோமீட்டர் தாண்டுவதே பெரிய விஷயம்.

இதற்கான வழிதான் ரிப்பீட்டர். உயரமான மலையிலோ கட்டடத்திலோ ஒரு ரிசீவர், ஒரு டிரான்ஸ்மிட்டர், ஆன்டெனா. கீழே இருந்து வரும் பலவீனமான குரலை ரிசீவர் கேட்கும். அதே நொடியில் டிரான்ஸ்மிட்டர் அதை வேறொரு அதிர்வெண்ணில் பலமாகத் திருப்பி ஒலிபரப்பும். மலையின் இந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கம் இருப்பவரோடு பேசிவிடலாம்.

அமெரிக்காவில் மிகப் பழைய ரிப்பீட்டர் ஜோடிகளில் ஒன்று 146.34 மற்றும் 146.94 மெகாஹெர்ட்ஸ். முதல் எண்ணில் கேட்கும், இரண்டாவதில் பேசும். ஹாம்கள் செல்லமாக '34/94' என்பார்கள். இரண்டுக்கும் இடைவெளி 0.6 மெகாஹெர்ட்ஸ்தான்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு பலமாக இருந்தாலும், ரிசீவர் கேட்காததை அதனால் திருப்பிச் சொல்ல முடியாது. எனவே ரிப்பீட்டர் நல்லதா, இல்லையா என்பதை முதலில் முடிவு செய்வது அதன் காதுதான்.

போலீஸ், டாக்ஸி செட்டுகள் ஹாம் கைக்கு வந்த கதை

1960-களில் அமெரிக்க அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது. போலீஸ், டாக்ஸி, தீயணைப்பு போன்ற சேவைகள் பயன்படுத்திய எஃப்.எம் ரேடியோக்கள் ஒவ்வொன்றும் அலைவரிசையில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அந்த அகலத்தைக் குறைக்கச் சொன்னார்கள். விளைவு, நல்ல நிலையில் இருந்த ஆயிரக்கணக்கான பழைய செட்டுகள் ஒரே அடியில் வேண்டாத சரக்காகின.

அவற்றை மலிவு விலைக்கு வாங்கியவர்கள் ஹாம்கள். காரின் டிக்கியில் வெயிலிலும் குலுக்கலிலும் வருடக்கணக்கில் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட செட்டுகள் அவை. மலை உச்சியில் ஆளில்லாமல் இரவும் பகலும் ஓட இதைவிட வேறென்ன வேண்டும்? 1970-களில் அமெரிக்காவில் ரிப்பீட்டர்கள் மளமளவென்று பெருகின. 1972-இல் அவற்றுக்கென்றே தனி விதிகளும் வந்தன. அடுத்த தலைமுறையில் வந்த மோட்டோரோலா 'மைக்கார்', ஜெனரல் எலெக்ட்ரிக் 'மாஸ்டர் 2' போன்ற செட்டுகளும் சேவையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதே வழியில் மலை ஏறின.

ஒரே ஒரு சிக்கல். போலீஸ் செட் போலீஸ் அதிர்வெண்ணை மட்டும்தான் கேட்கும். இன்றைய செட்டைப் போல பட்டன் அழுத்தி எண்ணை மாற்ற முடியாது. அது எதைக் கேட்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் கிரிஸ்டல்தான் தீர்மானித்தது. ஒரு சேனலுக்கு ஒரு கிரிஸ்டல். அவ்வளவுதான்.

கல்லுக்குள் சுருதி

குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்சாரம் தோன்றும். 1880-இல் இதைக் கண்டறிந்தவர்கள் பிரான்ஸின் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள். பின்னாளில் மேரி கியூரியின் கணவரான அதே பியர்தான். இதன் மறுபக்கமும் உண்மை: மின்சாரம் கொடுத்தால் குவார்ட்ஸ் அதிரும். இந்தக் குணத்தை வைத்து, அதிர்வெண் மாறாத மின் அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டரை 1921-இல் அமெரிக்கப் பேராசிரியர் வால்டர் கேடி செய்துகாட்டினார்.

எந்த வேகத்தில் அதிரும் என்பது தகட்டின் தடிமனைப் பொறுத்தது. மெல்லிய தகடு வேகமாக அதிரும், தடித்தது மெதுவாக. ரேடியோவில் அதிகம் பயன்படும் 'ஏ.டி' வெட்டுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 1.66-ஐ மில்லிமீட்டர் தடிமனால் வகுத்தால் மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். 15 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் தகட்டின் தடிமன் 0.11 மில்லிமீட்டர்தான். தலைமுடியைவிடச் சற்றே தடிமன்!

பற்பசையும் பென்சிலும்

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவ ரேடியோக்களுக்காகப் பல கோடி கிரிஸ்டல்கள் தயாரிக்கப்பட்டன. மூலக்கல் பிரேசிலிலிருந்து வந்தது. அறுத்து, தேய்த்து, அளந்து முடித்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். போர் முடிந்ததும் மிச்சமிருந்தவை சில்லறை விலைக்கு விற்பனைக்கு வந்தன. ஹாம்கள் அள்ளிக்கொண்டார்கள்.

போர்க்கால கிரிஸ்டல் கூடுகளைத் திருகாணி கழற்றித் திறக்க முடியும். உள்ளே இருக்கும் தகட்டை எடுத்து, கண்ணாடி மேல் பற்பசையையோ பாத்திரம் தேய்க்கும் பவுடரையோ குழைத்து, எட்டுப் போடுவதுபோல மெதுவாகத் தேய்ப்பார்கள். தடிமன் குறையக் குறைய அதிர்வெண் ஏறும். கழுவி, துடைத்து, கூட்டில் வைத்துச் சோதிப்பார்கள். போதவில்லை என்றால் மறுபடியும் கண்ணாடி.

இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் தெரியுமா? 7 மெகாஹெர்ட்ஸ் தகட்டை 10 கிலோஹெர்ட்ஸ் உயர்த்த, தேய்க்க வேண்டியது ஒரு மில்லிமீட்டரில் சுமார் 3,000-இல் ஒரு பங்கு. அதைத் தாண்டித் தேய்த்துவிட்டால் போனது போனதுதான். கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. அப்போதும் ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார்கள். தகட்டின் மேல் பென்சிலால் லேசாகக் கிறுக்குவது! அந்தக் கரியின் எடை ஏறினால் அதிர்வெண் கொஞ்சம் இறங்கும்.

மிருதங்கக் கலைஞர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கச்சேரிக்கு முன் இடப் பக்கத் தோலில் பிசைந்த ரவையை அப்புவார்கள். எடை கூடினால் நாதம் இறங்கும். பென்சில் கிறுக்கலிலும் அதே தத்துவம்தான் வேலை செய்கிறது.

ஆனால் ரிப்பீட்டராக மாறிய போலீஸ் செட்டுகளில் இந்த வித்தை செல்லாது. அவற்றின் கிரிஸ்டல்கள் காற்றுப் புகாத உலோக டப்பாவுக்குள் அடைக்கப்பட்டவை. அங்கே வேறு வழி வேண்டும்.

ஒரு கழித்தல், ஒரு வகுத்தல்

ரிசீவருக்குள் நடப்பதை எளிதாக இப்படிச் சொல்லலாம். ஆன்டெனாவில் வரும் அலையையும், உள்ளேயே உருவாகும் இன்னொரு அலையையும் கலந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்த வித்தியாசம் எப்போதும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். உள்ளே உருவாகும் அலைக்கு மூலம், கிரிஸ்டல். கிரிஸ்டல் தரும் எண்ணைப் பல மடங்கு பெருக்கித்தான் அந்த உயர்ந்த அதிர்வெண்ணுக்குக் கொண்டுவருகிறார்கள்.

உதாரணத்துக்கு, அந்த வித்தியாசம் 10.7 மெகாஹெர்ட்ஸ் என்றும், பெருக்கல் 9 மடங்கு என்றும் வைத்துக்கொள்வோம். 146.34-ஐக் கேட்க வேண்டும். 146.34-இலிருந்து 10.7-ஐக் கழித்தால் 135.64. அதை 9-ஆல் வகுத்தால் 15.0711 மெகாஹெர்ட்ஸ். இதுதான் தேவையான கிரிஸ்டல். எண்கள் செட்டுக்குச் செட் மாறும். சர்வீஸ் கையேட்டைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அதே செட் போலீஸிடம் இருந்தபோது 155 மெகாஹெர்ட்ஸைக் கேட்டிருந்தால், அதில் இருந்தது 16.0333 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். இரண்டுக்கும் கிட்டத்தட்ட 1 மெகாஹெர்ட்ஸ் தூரம். இதை எந்தத் திருகாணியைத் திருகியும் எட்ட முடியாது. புதிய கிரிஸ்டல் வாங்கியே ஆக வேண்டும். கூடவே, ரிசீவரின் முன்பக்கச் சுருள்களையும் புதிய அதிர்வெண்ணுக்கு ஏற்ப மறுபடியும் சரிசெய்ய வேண்டும். அவை பழைய எண்ணுக்குச் சுருதி சேர்க்கப்பட்டவை அல்லவா?

பெருக்கலில் இன்னொரு வில்லங்கம் உண்டு. கிரிஸ்டலில் 100 ஹெர்ட்ஸ் தவறினால், 9 மடங்காகி 900 ஹெர்ட்ஸ் தவறாக வந்து நிற்கும்.

பிளாஸ்டிக் திருப்புளியும் ஐஸ் பெட்டியும்

புதிய கிரிஸ்டலைச் சால்டர் செய்தவுடன் அது சொன்ன எண்ணில் அச்சு அசலாக நிற்காது. சில நூறு ஹெர்ட்ஸ் முன்னே பின்னே இருக்கும். இதைச் சரிசெய்ய, கிரிஸ்டலோடு டிரிம்மர் என்ற சின்ன கெப்பாசிட்டர் இணைந்திருக்கும். அதைத் திருகினால் அதிர்வெண் லேசாக ஏறும், இறங்கும். ஹாம்கள் இதை கிரிஸ்டலை 'இழுப்பது' என்பார்கள். திருக இரும்புத் திருப்புளி கூடாது. அது பக்கத்தில் வந்தாலே அதிர்வெண் மாறிவிடும். பிளாஸ்டிக் அல்லது பீங்கான் முனைதான் பயன்படுத்துவார்கள்.

அளக்கும் கருவியே தவறாக இருந்தால்? அதனால் அனுபவசாலிகள் ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்களின் அணுக் கடிகாரத்தோடு பூட்டப்பட்ட ஆதார அலையை வைத்து அளக்கிறார்கள். மேஜை மேல் இருக்கும் பழைய டாக்ஸி ரேடியோ, விண்வெளிக் கடிகாரத்தைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

அடுத்த எதிரி வெப்பம். ஏ.டி வெட்டு கிரிஸ்டல் அறை வெப்பத்தில் சமர்த்தாக இருக்கும். ஆனால் மலை உச்சிக் கொட்டகையில் ஏ.சி கிடையாது. மதியம் தகர ஷெட் கொதிக்கும், அதிகாலையில் உறையும். இந்த ஏற்ற இறக்கத்தில் கிரிஸ்டல் நகரும்.

எவ்வளவு நகர்ந்தால் ஆபத்து? கடிகாரக் கணக்கிலேயே பார்ப்போம். 10 லட்சத்துக்கு 5 பங்கு பிசகு என்பது கடிகாரத்தில் மாதத்துக்கு 13 விநாடி. 146.34 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 730 ஹெர்ட்ஸ். ரிசீவர் தாங்கிக்கொள்ளும். 10 லட்சத்துக்கு 20 பங்கு என்றால் மாதத்துக்கு 52 விநாடி. ரேடியோவில் கிட்டத்தட்ட 3 கிலோஹெர்ட்ஸ். பேசுபவரின் செட்டும் எதிர்த் திசையில் கொஞ்சம் நகர்ந்திருந்தால் சொற்கள் உடையும். பக்கத்தில் இருப்பவரின் பலமான சிக்னல் எப்படியோ ஒப்பேறிவிடும். முதலில் அடிவாங்குவது தூரத்தில், பேட்டரி தீரும் நிலையில் பேசும் ஒருவரின் குரல்தான்.

இதைத் தடுக்கப் பழைய செட்டுகளில் கிரிஸ்டலைச் சின்ன அடுப்புக்குள் வைத்து எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருந்தார்கள். பிறகு வந்த செட்டுகளில் கிரிஸ்டல், டிரிம்மர், வெப்பத்தை ஈடுகட்டும் பாகங்கள் எல்லாம் தீப்பெட்டி போன்ற ஒரே தொகுதியாக வந்தன. சூடு ஏறும்போது கிரிஸ்டல் ஒரு பக்கம் இழுத்தால், இந்தப் பாகங்கள் மறுபக்கம் இழுத்துச் சமன் செய்யும். ஆனால் அந்த ஈடு, பழைய கிரிஸ்டலின் குணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. புதிய கிரிஸ்டலுக்கு அது பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால், முழுத் தொகுதியையும் தபாலில் கிரிஸ்டல் கம்பெனிக்கே அனுப்பிவிடுவார்கள். அவர்கள் புதியதைப் பொருத்தி, சூட்டிலும் குளிரிலும் சோதித்து, ஈடுகட்டும் பாகங்களையும் மாற்றித் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு வழியில்லாதவர்கள் ஹேர் டிரையரையும் ஐஸ் பெட்டியையும் வைத்து வீட்டிலேயே சோதித்துக்கொள்வதும் உண்டு.

2017-இல் மூடிய கதவு

இப்படி அனுப்பப்பட்ட தொகுதிகள் போய்ச் சேர்ந்த முக்கியமான இடங்களில் ஒன்று, ஓக்லஹோமா நகரில் இருந்த இன்டர்நேஷனல் கிரிஸ்டல் மேனுஃபேக்சரிங். 1950 முதல் இயங்கிய நிறுவனம். வேண்டிய எண்ணைச் சொன்னால் ஒரே ஒரு கிரிஸ்டல் என்றாலும் செய்துகொடுத்தார்கள். 2017-இல் அது மூடப்பட்டது.

காரணம் புரியக்கூடியதே. இன்றைய ரேடியோவில் ஒரே ஆதார கிரிஸ்டலை வைத்து, சிந்தசைசர் சிப் எந்த அதிர்வெண்ணையும் உண்டாக்கிக்கொள்கிறது. சேனலுக்கு ஒரு கிரிஸ்டல் என்ற காலம் முடிந்துவிட்டது. ஆனால் மலை மேல் ஏறிய பழைய பெட்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒரு கிரிஸ்டல் செத்தால் மாற்று எங்கே வாங்குவது?

தனி கிரிஸ்டல் செய்துகொடுக்கும் சில நிறுவனங்கள் உலகில் இன்னும் இருக்கின்றன. காத்திருக்க முடியாதவர்கள் வேறு வழிக்குப் போனார்கள். கிரிஸ்டல் தொகுதிக்குள் இருந்ததை எடுத்துவிட்டு, அதே இடத்தில் சின்ன சிந்தசைசர் சிப்பையும், அதற்கு எண்ணைச் சொல்லிக் கொடுக்கும் ஒரு மைக்ரோகன்ட்ரோலரையும் வைத்தார்கள். சில நூறு ரூபாய் சிப், பள்ளி மாணவர்களே எழுதக்கூடிய புரோகிராம். முடிந்தது வேலை என்றுதான் தோன்றும்.

சிப்பால் ஏன் உடனே ஜெயிக்க முடியவில்லை?

ரிப்பீட்டரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்க வேண்டும். தன்னுடைய டிரான்ஸ்மிட்டரே வெறும் 0.6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி முழங்குகிறது. அதை வடிகட்ட டியூப்ளெக்ஸர் என்ற பெரிய உலோக உருளைகளை வைத்திருப்பார்கள். அப்படியும் கொஞ்சம் கசியும்.

நல்ல கிரிஸ்டல் ஆஸிலேட்டரின் அலை, சுருதி சுத்தமாகச் சேர்ந்த தம்புராவைப் போன்றது. ஒரே ஸ்வரம். மலிவான சிந்தசைசரின் அலையில் முக்கிய ஸ்வரத்தைச் சுற்றி மெல்லிய இரைச்சல் படர்ந்திருக்கும். சாதாரண செட்டில் அது தெரியவே தெரியாது. ரிப்பீட்டரில் அந்த இரைச்சல், டிரான்ஸ்மிட்டரிலிருந்து கசியும் அலையோடு கலந்து, கேட்க வேண்டிய கிசுகிசுப்பின் மேலேயே வந்து உட்காரும். மேஜையில் சோதித்தபோது பாஸான ரிசீவர், மலையில் டிரான்ஸ்மிட்டர் ஆன் ஆனதும் பாதிச் செவிடாகிவிடும்.

அதனால், சிப்பை வைப்பவர்கள் இரைச்சல் குறைந்த வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குத் தரும் மின்சாரத்தையும் ஆதார கிரிஸ்டலையும் தரமாகக் கொடுக்கிறார்கள். மாற்றிய பிறகு டிரான்ஸ்மிட்டரை ஓடவிட்டுக்கொண்டே, எவ்வளவு பலவீனமான சிக்னல் வரை கேட்கிறது என்று சோதிக்கிறார்கள். நல்ல ரிசீவர் ஒரு வோல்ட்டில் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சிக்னலைக்கூடப் புரியும்படி தரும். டிரான்ஸ்மிட்டர் ஓடும்போதும் அது குறையவில்லை என்றால்தான் மாற்றம் வெற்றி.

நம்ம ஊரில்?

இந்தியாவிலும் ஹாம் ரிப்பீட்டர்கள் உண்டு. இங்கே 'இரண்டு மீட்டர்' அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை.

ஹாம்களின் அருமையை நாடு நேரில் பார்த்தது 2004 டிசம்பரில். ஹாம் பயணம் ஒன்றுக்காக அந்தமானுக்குப் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், 26-ஆம் தேதி சுனாமி தாக்கியதும், செய்தித் தொடர்பு அறுந்த தீவுகளிலிருந்து ரேடியோ மூலம் தகவல்களை அனுப்பினார்கள். அது கடல் தாண்டும் சிற்றலைப் பேச்சு. ஊருக்குள், மாவட்டத்துக்குள், கையடக்க செட்டோடு நடக்கும் பேச்சுக்கு ரிப்பீட்டர்தான் கைகொடுக்கும். புயல் நாளில் செல்போன் டவர் படுத்துவிட்டால் அதன் மதிப்பு தெரியும்.

ஆசை வந்துவிட்டதா? 12 வயது நிறைந்தவர்கள் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் தேர்வு எழுதி ஹாம் உரிமம் பெறலாம். உரிமம் இல்லாமல் ஹாம் அலைவரிசையில் பேசுவது சட்டப்படி குற்றம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி டாக்கியை வாங்கிப் பட்டனை அழுத்துவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.  வீட்டில் ஓடாமல் கிடக்கும் குவார்ட்ஸ் கடிகாரத்திலிருந்தேகூடத் தொடங்கலாம்.

மலை மேல் இருக்கும் ரிப்பீட்டரைப் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். ஞாயிற்றுக்கிழமை அளவுக்கருவியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, டிரிம்மரை அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திருகிவிட்டு இறங்கிவருவார்கள். கீழே யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. தூரத்தில், பலவீனமான செட்டோடு பேசும் ஒருவருக்கு மட்டும், 'கேட்கிறது, சொல்லுங்கள்' என்று பதில் வரும்.